கோயில் உச்சியில் எரிந்த விளக்கு

கோடை சீசனில் ஊரெல்லாம் குன்னூருக்கு ஏறி வரும்போது, நாங்கள் பேரப்பிள்ளைகளுடன் மேட்டுப்பாளையம் இறங்கி, சேலம், திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போய் வந்தோம். அங்கே பாறைக் குன்றின்மேல் உள்ள கலங்கரை விளக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே இன்னொன்று நிற்பதைக் கவனித்தீர்களா?

எல்லோரும் டிக்கெட் வாங்கி ஏறுவது 1904 முதல் எரியும் கற்கோபுரம். உயரம் சுமார் 26 மீட்டர். தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) தினமும் பார்க்கும் நமக்கு இது ஒரு உயரமா என்று தோன்றும். ஆனால் கடற்கரை தட்டை, பூமியோ உருண்டை. விளக்கு உயர உயரத்தான் தூரத்துக் கப்பலுக்குத் தெரியும். (படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள்.)

மற்றொன்று, 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கட்டிய சிவன் கோயில். அதற்கு நேர் கீழேதான் மகிஷாசுரமர்த்தினி குகை. சிகரம் போய் மொட்டையாக நின்ற அந்தக் கோயிலின் உச்சியில்தான், புதுக் கோபுரம் வரும்வரை, ஆங்கிலேயர் கப்பலுக்கு விளக்கேற்றினார்கள். பல்லவர் காலத்திலிருந்தே அங்கே தீ எரிந்ததாகச் சொல்வார்கள். தினம் ஓர் உழக்கு எண்ணெய் ஊற்றியதால் 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்று பேர் வந்ததாம். கதை அழகுதான். உறுதியாகத் தெரிந்தது ஆங்கிலேயர் விளக்கு மட்டுமே.

உயரமான கட்டிடம் எது கிடைத்தாலும் அதன் தலையில் விளக்கை வைப்பது அன்றைய வழக்கம். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டிடத்தின் உச்சியில் எரிந்தது. அதே கட்டிடத்தில் அன்று இயங்கியது மெட்ராஸ் பேங்க்! கவுண்டரில் ஆயுளைக் கழித்தவன், இதைச் சொல்லாமல் விடுவேனா? 1844-ல் அதற்கென்றே தனித் தூண் எழுப்பினார்கள். 1894-ல் விளக்கு உயர் நீதிமன்றக் குவிமாடத்துக்கு மாறியது, 1977-ல் மெரினாவுக்கு.

பேங்க் மாடியும் கோர்ட் மாடியும் ஒன்று, கோயில் உச்சி வேறு என்பது என் அபிப்பிராயம். விளக்கு இடம் மாறியபின் கோயிலுக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை. இன்று அங்கே பூஜையும் இல்லை, விளக்கும் இல்லை. வருபவர்கள் கோபுரத்தில் ஏறிப் படம் பிடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் போனால் குகையைப் பார்த்த கையோடு மேலேயும் ஏறுங்கள். கோயிலின் வெளிச்சுவரில், கயிலையைப் பெயர்க்கும் இராவணன் உப்புக்காற்றில் தேய்ந்துகொண்டிருக்கிறான்.