செண்பகம்

செண்பகம் மக்னோலியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறா மரம்; தாவரவியல் பெயர் மக்னோலியா சம்பகா. இந்தியாவிலிருந்து தென்சீனம், இந்தோனேசியா வரை இயல்பாக வளர்கிறது. 30 மீட்டருக்கு மேலும் உயரும். இலக்கிய வழக்கு சண்பகம். கன்னடத்தில் சம்பிகே, தெலுங்கில் சம்பங்கி. தமிழில் சம்பங்கி எனப்படும் கிழங்குச் செடி வேறு.

பூ

மொட்டைப் போர்த்திய மென்மயிர் உறை கழன்று விழ, வெளிர்மஞ்சள் முதல் ஆழ்ந்த ஆரஞ்சு வரையான நிறத்தில் பூ விரியும். புல்லி, அல்லி என்ற வேறுபாடின்றி 15 முதல் 20 ஒல்லி இதழ்கள் இருக்கும். காய்கள் கொத்தாக வெடிக்கும்போது செந்நிறச் சதை மூடிய விதைகள் தெரியும்; பறவைகள் அவற்றைத் தின்று பரப்புகின்றன. விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறையும் என்பதால் பறித்தவுடன் சதையைக் கழுவி விதைப்பார்கள்.

வரலாறு

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் சண்பகமும் ஒன்று. நிகண்டுகள் இதை 'வண்டுணாமலர்', அதாவது வண்டு உண்ணாத மலர் என்றன. பழம்பாடல்களில் வரும் வண்டு தேன் உண்பது. மக்னோலியா குடும்பத்துப் பூக்களில் பெரும்பாலும் மகரந்தம் கடத்துவதோ, இன்றைய உயிரியல் வண்டு என்று அழைக்கும் கடின ஓட்டுப் பூச்சி. அதனால் பழம்பெயரைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

செண்பகத் தோட்டம் வைத்துச் சோமசுந்தரருக்குப் பூச்சாத்திய வங்கிய சூடாமணி பாண்டியன் செண்பகப் பாண்டியன் ஆனான் என்கிறது திருவிளையாடற் புராணம். திருநாகேசுவரம் நாகநாதர் கோயிலின் தலமரம் இதுவே. குற்றாலத்தின் ஓர் அருவிக்குச் செண்பகாதேவி என்று பெயர்.

1753இல் லின்னேயஸ், இத்தாலியரான மிக்கேலியின் நினைவாக இதை மிக்கேலியா சம்பகா என்றார். மக்னோலியாவின் பூ கிளைநுனியிலும் இதன் பூ இலைக்கக்கத்திலும் வருவது பேரினங்களைப் பிரிக்கும் அடையாளமாக இருந்தது. மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவுக்கு இடமளிக்காததால் மிக்கேலியா மக்னோலியாவில் கரைந்தது.

பயன்கள்

கூந்தலில் ஒரு பூவைச் செருகினாலே அறை மணக்கும். பறித்த பூ மறுநாளே பழுப்பேறிவிடும். நீர்க்கிண்ணத்தில் மிதக்கவிட்டால் சற்றுத் தாங்கும். அத்தர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஊதுவத்தி ஆகியவற்றில் இந்த மணம் சேர்கிறது. பாலித் தீவில் வழிபாட்டுப் படையலில் இப்பூ இடம்பெறுகிறது. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு இதுவே அடையாள மலர். இலங்கையில் கினிசப்பு எனப்படும் இதன் மரம் மேசை, நாற்காலி செய்ய உதவுகிறது. நாட்டு மருத்துவத்தில் பட்டையும் பூவும் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டன.