அயனி

மின்சாரம் பாயும் கரைசலிலே ஒரு மின்வாயை நோக்கிச் செல்லும் துகள்களுக்கு, செல்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு, ஹ்யூவெல் என்னும் பண்டிதரின் யோசனையையும் கேட்டு, 1834-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே சூட்டிய பெயரே தமிழில் அயனி என்றும், இலங்கைத் தமிழ் நூல்களில் அயன் என்றும் வழங்குகிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்பவற்றிலுள்ள அயனம் என்ற வடசொல்லும் செல்லுதலையே குறிப்பது. இரண்டுக்கும் மூலதாது ஒன்றே என்பது மொழிநூலார் துணிபு. ஆகவே இச்சொல் நமக்கு அவ்வளவு அந்நியமன்று.

11 எலெக்ட்ரான்களுடைய சோடிய அணு ஒன்றை இழந்து நியானைப் போல் 10 உடையதாகவும், 17 உடைய குளோரின் அணு ஒன்றைப் பெற்று ஆர்கானைப் போல் 18 உடையதாகவும், மின்னூட்டம் பெற்ற அயனிகளாகி ஸ்திரம் அடைகின்றன. சோடியம் ஏதோ தானசீலனைப் போல் மனமுவந்து ஈவதாகச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. அந்த எலெக்ட்ரானைப் பிரிக்கச் சக்தி செலவாகிறது. எதிரெதிர் மின்னூட்டமுடைய அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து உப்புப் படிகமாக அடுக்குறும்போது வெளிப்படும் சக்தியே அச்செலவை ஈடுசெய்து மிஞ்சுகிறது.

எல்லா உலோகங்களும் சோடியத்தைப் போல் எலெக்ட்ரானை இழப்பவை அல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தோடு பொன் வாரியம் என்றொரு குழுவையும் குறிக்கிறது. அக்குழுவின் பெயரிலுள்ள பொன், காற்றுக்கும் நீருக்கும் தன் எலெக்ட்ரானை விட்டுக்கொடாத உலோகமாதலால் கறுப்பதில்லை. அவ்வூர் உழவரின் மண்வெட்டி இரும்போ, ஒரு மழைக்காலத்திலேயே எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகித் துருப்பிடித்துவிடும்.