கண்ணனூரைக் கண்டவர் எத்தனை பேர்?

பூச்சொரிதல் நாட்களிலும் சித்திரைத் தேரன்றும், திருச்சியிலிருந்து கொள்ளிடம் கடந்து வரும் பேருந்துகள் பிதுங்கி வழிகின்றன. சமயபுரத்தில் இறங்கும் இலட்சக்கணக்கானோர் மாரியம்மனைக் கண்டு மாலையில் திரும்புகின்றனர். தாம் நின்ற மண் ஒரு காலத்துத் தலைநகரம் என்பதை அறிந்து திரும்புவோர் எத்தனை பேர்?

அத்தலைநகரின் பெயர் கண்ணனூர். இன்றும் இங்கே ஆளரவம் குறைந்த சிவன் கோயில் ஒன்றுண்டு. போஜீசுவரர் கோயில் என்பர். வடநாட்டுப் போஜ மன்னனா இங்கு வந்து கோயில் எழுப்பினான்? இல்லை, தோழர்களே! கல்வெட்டு கூறும் பெயர் போசளேசுவரம். போசளர் என்போர் கன்னட நாட்டு ஒய்சளர். சோழன் மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறை வைத்தபோது, 1231-இல் மீட்க வந்தவன் ஒய்சள நரசிம்மன். அவன் மகன் சோமேசுவரனோ கண்ணனூருக்கு விக்கிரமபுரம் எனப் பெயர் சூட்டி இங்கேயே அரசு வீற்றிருந்தான், கோயிலையும் கட்டினான். உதவிக்கு வந்தவர் உரிமை கொண்டாடுவது வரலாற்றில் புதிதன்று! பின்னர் ஊர் பாண்டியர் கைக்கு மாறிற்று. மரபு மறைந்தது, மக்கள் நாவில் போசளன் போஜனானான்.

1342-இல் ஒய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் கண்ணனூரை முற்றுகையிட்டான். வெற்றி கைக்கெட்டிய வேளையில் போர் நிறுத்தத்துக்கு இசைந்தான். மதுரைச் சுல்தான் திடீரெனத் தாக்கினான். முதியவன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைக் கண்ணால் கண்டு எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா.

1752-இல் கிளைவ் இங்கே பாசறை அமைத்தான். திருவரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படைக்குப் புதுச்சேரி வழியை அடைப்பதே நோக்கம். நள்ளிரவில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலப் படையை விட்டோடியவர்களை முன்னே நிறுத்தி, காவலருக்கு ஆங்கிலத்திலேயே மறுமொழி கூற வைத்து உள்ளே நுழைந்தனர். சத்திரத்தில் உறங்கிய கிளைவ் உயிர் தப்பினான். அவ்வாண்டு சூன் திங்களில் திருவரங்கத்துப் பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

சப்பானியர் பழங்கோயில்களைக் காக்க 1897-இலும், வரலாற்று இடங்களையும் எழில்மிகு காட்சிகளையும் காக்க 1919-இலும் சட்டம் செய்தனர். நாராவுக்கும் கியோத்தோவுக்கும் செல்லும் பயணி, தொழுபவனாயினும் அல்லனாயினும், கட்டியவன் யார், காலம் எது என அறிந்து திரும்புகிறான். நம் ஊரில் காணிக்கை செலுத்த வரிசை நீளுகிறது. பக்கத்துக் கோயிலைக் கட்டியவன் பெயர் கேட்க ஆளில்லை.

அண்மையில் மாணவர் சிலரை அழைத்துச் சென்று இக்கதையைக் கூறினேன். “அப்படியானால் பெயரைத் திருத்த வேண்டாமா, ஐயா?” என்றான் ஒருவன். மறுநாள் அவனது குறிப்பேட்டைப் பார்த்தேன். போசளேசுவரம் என்று பெரிதாக எழுதி, போஜீசுவரரை அடைப்புக்குள் போட்டிருந்தான்.