பலசரக்குக் கடைக்காரரின் மகனும் பிளாஸ்மாவை அளந்த கம்பியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களது பெற்றோரும் முழுதாக வாசிக்க வேண்டுகிறோம்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டு வீசித் தாக்கிய கதையை நாம் மூத்தவர்களிடம் கேட்டு வளர்ந்தோம். அதே யுத்தம் கல்கத்தாவில் ஒரு விஞ்ஞானியின் வேலையையும் பல வருடங்கள் பின்னே தள்ளியது. அவர் பெயர் மேகநாத் சாகா.

சாகா 1893இல் டாக்காவுக்கு அருகே சியோரத்தலி என்ற கிராமத்தில் பிறந்தார். வாப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஊர்ப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகள் மட்டுமே இருந்தன. அடுத்த பள்ளி சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில். அந்த ஊர் வைத்தியர் ஒருவர் தன் வீட்டில் இடமும் சோறும் கொடுத்ததால்தான் சாகாவின் படிப்பு நிற்கவில்லை. 1905இல் ஆளுநருக்கு எதிரான பகிஷ்கரிப்பில் சேர்ந்ததற்காகப் பள்ளியையும் உதவிப்பணத்தையும் இழந்தும் படித்தார்.

அந்தப் பிள்ளைதான் 1920இல் உலகம் இன்றும் பயன்படுத்தும் ஒரு சமன்பாட்டைத் தந்தது. வாயுவைக் கடுமையாகச் சூடாக்கினால் அணுக்களில் இருந்து இலத்திரன்கள் கழன்றுவிடும். எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில், எவ்வளவு பங்கு அணுக்கள் இப்படி அயனாகும் என்பதை அந்தச் சமன்பாடு சொல்கிறது. நட்சத்திரத்தின் ஒளியை வாசித்தே அதன் வெப்பநிலையை அறிய வழி பிறந்தது.

இப்படி அயன்களும் இலத்திரன்களும் கலந்து கிடக்கும் வாயுவுக்கு 1928இல் ‘பிளாஸ்மா’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்கர் இர்விங் லாங்மியூர். அதை அளக்கும் வழியையும் அவரே காட்டினார். மொட்-சிமித் என்பவருடன் சேர்ந்து 1926இல் அதன் கோட்பாட்டை வெளியிட்டார்.

வழி எளிமையானது. பிளாஸ்மாவுக்குள் ஒரு சிறு கம்பியை நுழைத்து, அதன் மின்னழுத்தத்தை மறையில் இருந்து நேருக்குப் படிப்படியாகக் கூட்டி, ஓடும் மின்னோட்டத்தைக் குறிப்பார்கள். முதலில் அயன்களின் சிறு ஓட்டம். பிறகு இலத்திரன்கள் வந்து சேர ஓட்டம் விறுவிறுவென்று ஏறும். கடைசியில் ஏற்றம் அடங்கிவிடும். ஏறும் பகுதியில் இலத்திரன் ஓட்டத்தின் மடக்கையை அழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறன் இலத்திரன்களின் வெப்பநிலையைத் தரும். ஓட்டம் அடங்கும் அளவு அவற்றின் அடர்த்தியைத் தரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதுதான். ‘வரைபு எதற்கு சேர்?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுவே எமது பதில்.

துணிக்கை ஆர்முடுக்கிகளுக்கு இந்த அளவு ஏன் தேவை? எல்லா ஆர்முடுக்கியும் துணிக்கைகளைத் தரும் ஒரு மூலத்தில் இருந்தே தொடங்கும். புரோத்தன்களும் அயன்களும் வேண்டுமென்றால், வாயுவைப் பிளாஸ்மாவாக்கி அதிலிருந்து உருவி எடுப்பார்கள். பிளாஸ்மாவின் அடர்த்தியும் வெப்பநிலையும் பிழைத்தால் கற்றையும் பிழைத்துவிடும்.

சாகா தம் மாணவர் நாக் சௌத்ரியை, சைக்ளோத்திரனை உருவாக்கிய லோரன்ஸிடம் பெர்க்லிக்கு அனுப்பினார். கல்கத்தாவிலும் ஒன்றைக் கட்ட முனைந்தார்கள். காந்தத்தின் பாகங்கள் வந்து சேர்ந்தன. வெற்றிடப் பம்பிகளை ஏற்றிவந்த கப்பலை யப்பானியர் மூழ்கடித்தார்கள். வெற்றிடம் இல்லாமல் சைக்ளோத்திரன் இல்லை. ஆனாலும் சாகா விடவில்லை. 1950இல் அவரது அணுப் பௌதிக நிறுவனத்தை ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். சாகா 1956இல் காலமானார். 1977இல் அதே நகரத்தில் இன்னும் பெரிய சைக்ளோத்திரன் ஒன்று கற்றையைத் தந்தது.

இன்றைய ஈ.சி.ஆர். அயன் மூலங்களில் காந்தத்தால் அடைத்த பிளாஸ்மாவை நுண்ணலையால் சூடாக்குகிறார்கள். அதன் நடுவில் கம்பியை வைத்தால் கம்பி கெடும், பிளாஸ்மாவும் குழம்பும். ஆகவே வெளியே வரும் ஒளியையும் எக்ஸ் கதிரையும் வைத்து அளக்கிறார்கள். சாகாவின் சமன்பாடு வெப்பச் சமநிலைக்கு உரியது, இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் தொடாமல் ஒளியை வாசித்து அறியும் பாதை அவர் நடந்த பாதைதான். 2019 முதல் சென்னையில் புற்றுநோய்க்கு வழங்கப்படும் புரோத்தன் சிகிச்சையும் ஐதரசன் வாயுவை இப்படி அயனாக்குவதில் இருந்தே தொடங்குகிறது.

நாமும் தண்ணீரைக் கடந்து படித்த ஊர். 2009இல் பாலம் வரும்வரை பாதையில் போய் வந்தோம். 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். படிக்கப் போவதற்கு இங்கே என்ன விலை என்று எமக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறோம். தூரத்துக் கிராமங்களில் இருந்து விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகள் வகுப்பில் பாதியில் நிற்பதை நாம் பார்க்கிறோம். அந்த வைத்தியர் கொடுத்தது ஓர் அறையும் ஒரு கோப்பைச் சோறும். நமது ஊரில் அப்படி எத்தனை வீடுகள் முன்வரும்? யோசித்துச் சொல்லுங்கள்.