அந்த ஆந்திராக்காரி எந்தக் கட்சி?

2021 நவம்பர் 24, புதன்கிழமை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சாயக்கடை. மிளகு, சுக்கு மூட்டை இறக்கிவிட்டு வந்த சுமட்டுத் தொழிலாளிகள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்க்சிஸ்ட் சங்கமான சிஐடியுக்காரர்கள் ஒரு பெஞ்சில், காங்கிரஸ் சங்கமான ஐஎன்டியுசிக்காரர்கள் இன்னொரு பெஞ்சில். திருவனந்தபுரம் வஞ்சியூர் குடும்ப நீதிமன்றத்திலிருந்து அனுபமா என்ற பெண், பிறந்த மூன்றாம் நாள் பறிபோய் ஆந்திரத் தம்பதியிடம் வளர்ந்த தன் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். மைக்குகள் மொய்க்கின்றன. ஒரு பெஞ்சு, பார்ட்டியை நாறடிக்கக் கிடைத்த சாக்கு இது என்றது. மறு பெஞ்சு, பார்ட்டிக்காரனே பேரப்பிள்ளையைக் கடத்தினால் யாரிடம் போய்ச் சொல்வது என்றது.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் டச்சுக்காரர் காலத்திலிருந்து துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கிருந்து இஸ்திரி போட்ட துணி மூட்டையோடு வந்த ஒரு அக்கா, கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அது சரிண்ணே, மூணு மாசம் வளத்தாளே, அந்த ஆந்திராக்காரி எந்தக் கட்சி?”

இரண்டு பெஞ்சிலும் பதில் இல்லை.

எனக்கு அந்தக் கேள்வி 1950-ஆம் ஆண்டுச் சிங்கப்பூரை நினைவூட்டியது. அங்கே வளர்த்தவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே திரண்டு நின்றது. இங்கே பெற்றவளுக்குப் பின்னால் எதிர்க்கட்சி நின்றது. வழக்கு ஒரே மாதிரிதான்: பெற்றவளா, வளர்த்தவளா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரசியல் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்பது கொஞ்சம் தெரிகிறது.

முதலில் சிங்கப்பூர். மரியா ஹெர்டோக் 1937-இல் ஜாவாவில் ஒரு டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். தந்தை டச்சுப் படையில் சார்ஜண்ட்; ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். கைநிறையப் பிள்ளைகளோடு நின்ற தாய், 1942 முடிகிற நேரத்தில், ஆமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் மரியாவைக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தேன் என்றார் பெற்றவர். மகளாகவே கொடுத்தார் என்றார் வளர்த்தவர். ஆமினா அவளுக்கு நத்ரா என்று பெயர் வைத்து, மலாயாவின் திரங்கானுவில் கெமாமான் ஊருக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். போர் முடிந்து, தேடல் நடந்து, 1949-இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் கண்ணில் பட்டபோது அந்தச் சிறுமிக்கு மலாய் மட்டுமே தெரியும். டச்சுத் தூதரகம் இதுவரை வளர்த்த செலவுக்கென்று 500 டாலர் தருவதாகச் சொன்னது. ஆமினா வாங்கவில்லை.

1950 மே மாதம் நீதிமன்றம் சிறுமியை டச்சுத் தரப்பிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஜூலை 28-இல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு விழுந்து, அவள் ஆமினாவிடம் திரும்பினாள். நாலே நாளில், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, மன்சூர் அடாபி என்ற 22 வயது ஆசிரியருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு வயது 13. வளர்த்தவள் பக்கம் சாய்கிற என் மனம் இந்த இடத்தில் தயங்கிப் பின்வாங்குகிறது. பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. கல்யாணம் அந்த வழியானது. டிசம்பர் 2-இல் நீதிபதி பிரவுன், திருமணம் செல்லாது, குழந்தை பெற்றோருக்கே என்று தீர்ப்புச் சொன்னார்.

அதுவரை இது வழக்காகத்தான் இருந்தது. கலவரமாக மாற்றியவை படங்கள். மேல்முறையீடு முடியும்வரை மரியாவை ஒரு கத்தோலிக்கக் கன்னிமாடத்தில் தங்க வைத்தார்கள். கன்னியாஸ்திரியின் கையைப் பிடித்தபடி, மாதா சிலைக்கு முன்னால் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் படம் போட்டன. மலாய்ப் பத்திரிகைகள் அழுகிற நத்ராவைப் போட்டன. ஒரே பெண், ஒரே வாரம், இரண்டு பெயர், இரண்டு முகம். இந்தப் படச் சண்டையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் நம்மவர்: கரீம் கனி. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் பொறுப்பு வகித்த தமிழ் முஸ்லிம். சிங்கப்பூரில் ‘டான்’ என்ற ஆங்கில ஏட்டின் ஆசிரியர். நத்ராவுக்காக அமைக்கப்பட்ட செயற்குழுவின் தலைவர். டிசம்பர் 11-ஆம் தேதி மேல்முறையீடு சில நிமிடங்களில் தள்ளுபடியானதும் உச்ச நீதிமன்ற வாசலில் நின்ற கூட்டம் வெடித்தது. மூன்று நாளில் 18 பேர் செத்தார்கள், 173 பேர் காயப்பட்டார்கள். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போதே மரியாவை விமானத்தில் ஏற்றி நெதர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கரீம் கனி கைதானார். மலாய்த் தேசியவாதி புர்ஹானுத்தீன் அல்ஹெல்மியும் கைதானார். கலவர வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களின் உயிருக்காகக் குரல் கொடுத்தது, 1951-இல் மலாய்க் கட்சியான அம்னோவின் தலைவரான துங்கு அப்துல் ரஹ்மானுக்கு மக்களிடம் பெயர் வாங்கித் தந்தது. அதாவது, குழந்தை நெதர்லாந்துக்குப் போன பிறகும் வழக்கு அரசியலுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

திருவனந்தபுரத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். சிங்கப்பூரில் அரசியல் தெருவில் கத்தியது; இங்கே அலுவலகத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

அனுபமா மார்க்சிஸ்ட் கட்சியின் மாணவர் அமைப்பான எஸ்எஃப்ஐயில் இருந்தவர். தந்தை மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தலைவர். தாத்தா அந்தக் கட்சியின் பெரிய புள்ளி. காதலரும் அதே கட்சியின் இளைஞர் அமைப்பில் இருந்தவர்தான். ஆனால் தலித் கிறிஸ்தவர், அப்போது வேறொரு பெண்ணின் கணவர். 2020 அக்டோபர் 19-இல் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் தாயிடமிருந்து போய்விட்டது. அக்காவின் கல்யாணம் முடியட்டும், பிறகு தருகிறோம் என்று பெற்றோர் சொன்னதாக அனுபமா சொல்கிறார். சம்மதக் கையெழுத்து இருக்கிறது என்றார்கள் அவர்கள். வேறு காரணம் சொல்லி வாங்கிய கையெழுத்து என்றார் இவர். குழந்தை மாநிலக் குழந்தை நல அமைப்பான சிசுக்ஷேம சமிதியின் அம்மத்தொட்டிலுக்கு, அதாவது கைவிடப்படும் குழந்தைகளை விட்டுச்செல்லும் தொட்டிலுக்கு, வந்ததாகக் கணக்கில் ஏறியது. ஆண் குழந்தை முதலில் பெண் என்று பதிவானது. மலாலா என்று பெயர்கூட வைத்துவிட்டு, அப்புறம்தான் திருத்தினார்கள். சமிதியின் தலைவர் பதவி முதலமைச்சருடையது. அன்றைய பொதுச் செயலர் ஆளுங்கட்சியின் இளைஞர் தலைவர்.

சட்டப்படி, கைவிடப்பட்டதாக வரும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேட இரண்டு மாதம் தவணை. விரும்பி ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறவும் அறுபது நாள் உண்டு. பிறகு குழந்தை தத்துக்குத் தகுதியானதென்று அறிவித்து, தத்துக்கு முன்வந்தவர்களிடம் வளர்க்கக் கொடுப்பார்கள். அப்போதைய விதிப்படி நீதிமன்றம் உத்தரவு போட்டபிறகே அது முழுத் தத்து. விதி நல்ல விதிதான். கேள்வி நாட்காட்டியில் இருக்கிறது. அனுபமா போலீஸில் புகார் கொடுத்தது 2021 ஏப்ரலில். குழந்தை ஆந்திரத் தம்பதியின் கைக்குப் போனது ஆகஸ்டில். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது அக்டோபரில்.

இந்த மூன்று மாதப் பெயர்களையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் நாலு மாதம் இருக்கிறது. அப்போது யாராவது ஒரு அதிகாரி, ‘இந்தப் புகார்க் குழந்தையும் அந்தத் தொட்டில் குழந்தையும் ஒன்றா’ என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆந்திராக்காரி என்று ஒருத்தி இந்தக் கதைக்குள் வந்தே இருக்கமாட்டாள்.

அக்டோபர் 23-இல் அனுபமா தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்தபிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 25-இல் குடும்ப நீதிமன்றம் தத்து நடவடிக்கைக்குத் தடை போட்டது. சட்டமன்றத்தில் எதிர்வரிசை எம்எல்ஏ கே.கே.ரமா விஷயத்தைக் கிளப்ப, எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. மார்க்சிஸ்ட் கட்சிக்குள்ளேயே அதன் தலைவர்களில் ஒருவரான பிருந்தா காரத் இந்தத் தாய்க்காகக் குரல் கொடுத்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நவம்பர் 18-இல் குழந்தையைக் கொண்டுவர உத்தரவு, 21-ஆம் தேதி இரவு திருவனந்தபுரம் வந்தாயிற்று, 22-இல் டிஎன்ஏ மாதிரி, 23-இல் முடிவு, 24-இல் தாயின் கையில். மாதக்கணக்கில் நகராத கோப்பு ஒரு வாரத்தில் ஓடி முடித்தது. இத்தனை வேகம் முடியும் என்றால், முன்பு நடக்காததற்குப் பெயர் தாமதம் இல்லை.

மட்டாஞ்சேரி ஜூதத் தெருவில் 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கிறது. குழந்தைச் சண்டை என்றாலே இந்தத் தெருவில் எவருக்கும் சாலமோன் நினைவு வரும்: வாளை எடு, பிள்ளையை வெட்டிப் பகிர். பௌத்த ஜாதகக் கதையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. நம் வீடுகளில் மரியாதை ராமன் கணக்கில் சொல்வோம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். சாலமோன் முன்னால் வந்த இரண்டு பெண்களும் ‘நான் பெற்றேன்’ என்றவர்கள். அதில் ஒருத்தி பொய் சொன்னாள். அந்தப் பொய்யைத்தான் வாள் கண்டுபிடித்தது. அதே வேலையை இன்று ஆய்வகம் ஒரு நாளில் முடித்துவிடுகிறது. நம் இரண்டு வழக்கிலும் பெற்றது யார் என்பதில் தகராறே இல்லை. இரண்டு பெண்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதற்கு சாலமோனிடம் வாள் இல்லை.

பெற்றவளா, வளர்த்தவளா என்ற இந்தக் கேள்வியைத் தொட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் ஆழ்வார்கள்தான். பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனைக் குளிப்பாட்டினார், தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார். அதே கண்ணனைப் பெற்றும் வளர்க்கக் கிடைக்காத தேவகியாகிப் புலம்பினார் குலசேகர ஆழ்வார். அவர் சேர நாட்டுக்காரர். கொச்சிக்கு வடக்கே, கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களம் அவர் ஊர் என்பார்கள். பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகம் முழுக்க, பிள்ளையின் தவழலையும் மழலையையும் பார்க்காமல் போன தாயின் வயிற்றெரிச்சல். உரிமையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. போன நாட்களைப் பற்றியே அழுகை. அனுபமா இழந்ததும் அந்த முதல் வருஷத்தைத்தான். தீர்ப்பு பிள்ளையைக் கொடுத்தது. அந்த வருஷத்தை யாராலும் கொடுக்க முடியவில்லை. மரியாவின் தாய் இழந்தது ஏழு வருஷத்துக்கு மேல். அவருக்குத் திரும்பக் கிடைத்தது, தன் மொழி தெரியாத ஒரு பதின்மூன்று வயதுப் பெண்.

ஆக, இரண்டு ஊரிலும் தாய்மையைவிடக் காலமே பெரிய வழக்காளி. சிங்கப்பூரில் போர் அந்த வருஷங்களைத் தின்றது. நீதிமன்றமோ அவை நடக்கவே இல்லை என்பதுபோல் தீர்ப்புச் சொன்னது. நத்ரா ஆமினாவோடுதான் இருப்பேன் என்று வாய்விட்டுச் சொன்ன பெண். அவள் பேச்சு எடுபடவில்லை. கேரளத்தில் நாட்களைத் தின்றது கட்சி உறவு. பேசத் தெரியாத குழந்தைக்குப் பதிலாக எல்லாரும் பேசினார்கள்.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆமினாவுக்கு வக்கீல் இருந்தார், பத்திரிகை இருந்தது, தெருவில் கூட்டம் இருந்தது. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1976-இல் இறந்தார். மரியா நெதர்லாந்தில் மறுபடி மணந்து, பத்துப் பிள்ளைகளைப் பெற்று, கணவனைக் கொல்ல முயன்றதாக வழக்கில் மாட்டி விடுதலையாகி, 2009-இல் காலமானார். அவளுக்காக எரிந்த சிங்கப்பூர் அதற்குள் வேறு ஊராகிவிட்டிருந்தது. ஆந்திரத் தம்பதிக்கோ கூட்டமும் இல்லை, கொடியும் இல்லை. முறைப்படி விண்ணப்பித்து, வரிசையில் நின்று, அரசு கொடுத்த குழந்தையை வாங்கியவர்கள். அரசு கேட்டதும் கொடுத்தார்கள். ஓட்டுக் கணக்கில் வராதவர்கள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அனுபமா வழக்கில் தத்தை நிறுத்தியது ஒரு நீதிமன்றம். சிறார் நீதிச் சட்டத் திருத்தத்தின்படி 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவு போடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் போய்விட்டது. நீதிமன்றங்களில் மனுக்கள் தேங்குகின்றன என்பது காரணம், அது பொய்யில்லை. ஆனால் இனி ஒரு தாய், ஆளுங்கட்சிக்காரரான தன் தந்தைக்கு எதிராகத் தத்தை நிறுத்தச் சொல்லி வந்தால், முதலில் போய் நிற்க வேண்டிய மேசை கலெக்டருடையது.