கொழும்பு ஸ்டூடியோக்களும் ஒரே கம்பனிக் கமராவும்

இலங்கையின் பழைய தபாலட்டைகளைச் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் பிளாட்டே என்ற பெயர் தெரியும். 1890இல் தொடங்கி, பின்னர் கொள்ளுப்பிட்டிக் காலி வீதியில் நிலைத்துவிட்ட நிறுவனம் அது. துறைமுகம், தேயிலைத் தோட்டம், கண்டிப் பெரஹரா என்று அதன் படங்கள் கப்பல் பயணிகளின் கையோடு உலகம் முழுக்கப் போயின. அக்காலத்து ஸ்டூடியோக் கமராவைப் பற்றி இன்று யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு: அதற்கு பிராண்ட் என்ற கட்டு கிடையாது. அது மரப்பெட்டியும் தோல் மடிப்பும் சேர்ந்த ஒரு கருவி. முன்பக்கத்தில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு பலகை, நடுவில் ஒரு துளை. அந்தத் துளைக்கு லண்டன் ரொஸ் கம்பனியின் லென்ஸைப் பொருத்தலாம், டால்மேயரைப் பொருத்தலாம், ஜேர்மன் ஸைஸையும் பொருத்தலாம். துளை சிறுத்தால் வேறு பலகை வெட்டிக் கொடுக்கக் கைதேர்ந்த தச்சர் ஒருவர் போதும். கமரா ஒருவருடையது, லென்ஸ் இன்னொருவருடையது, கண்ணாடித் தகடு மூன்றாமவருடையது. வெளிச்சத்துக்குக் கூரைக் கண்ணாடி வழியாக வந்த சூரியன். ஒரு கம்பனி மூடினாலும் ஸ்டூடியோ மூடவேண்டியதில்லை.

இன்று கொழும்பில் கலியாணப் படம் எடுக்க இறங்கும் ஒரு இளைஞர் முதல் கமராவை வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான லென்ஸையும் பிளாஷையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறார். கெனன் என்றால் கெனன், நிக்கொன் என்றால் நிக்கொன், சோனி என்றால் சோனி. இது லென்ஸின் தரத்தை வைத்துச் செய்யும் தேர்வு என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. கொழும்பின் நூறு வருட அனுபவம் வேறு மாதிரி. எல்லாமே கப்பலில் வந்திறங்கும் ஒரு தீவில், உதிரிப்பாகம் எதற்குக் கிடைக்கும், பழுதை யார் திருத்துவார், பக்கத்துக் கடைக்காரரிடம் எதை இரவல் வாங்கலாம் என்பவைதான் பிராண்டைத் தீர்மானித்திருக்கின்றன. சரியாகத்தான் தீர்மானித்திருக்கின்றன என்பது என் கட்சி.

இந்தக் கட்டு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் லைக்காவில் வந்து நிற்போம். 1925இல் லைப்ஸிக் சந்தையில் அறிமுகமான முதல் லைக்காவில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல்தான் திருகிக் கழற்றும் லென்ஸ் வந்தது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் கமராவுக்குக் கமரா மயிரிழை அளவு மாறியதால், ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட கமராவுக்கென்றே தொழிற்சாலையில் வைத்துச் சரிசெய்யப்பட்டது. இரண்டாவது லென்ஸ் வேண்டுமானால் கமராவையே ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரத்துக்கு அனுப்பவேண்டும். கொழும்பிலிருந்து அனுப்பினால் போக வரக் கப்பலில் எத்தனை வாரம் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1931இல் அந்தத் தூரத்தை 28.8 மில்லிமீற்றர் என்று நிலைப்படுத்தினார்கள். அப்படிச் செய்த கமராவின் வளையத்திலும் லென்ஸிலும் சிறிய பூச்சியம் ஒன்று பொறிக்கப்பட்டது. பூச்சியம் இருந்தால் எந்த லென்ஸும் எந்த லைக்காவுக்கும் பொருந்தும். ஒரு கம்பனியின் பொருட்களை ஒரே தொகுதியாக வாங்கும் வழக்கம் இந்தப் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது. வெட்ஸ்லாரில் குடியிருந்தவனுக்கு இது வெறும் வசதி. கொழும்புக்காரனுக்கோ இது இல்லாமல் இரண்டாவது லென்ஸே இல்லை.

கொழும்புப் படக்கலைஞர் லயனல் வென்ட்டின் கையில் லைக்கா வந்த காலம் இதற்குச் சற்றுப் பின். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த வென்ட், நீதிபதியின் மகன், லண்டனில் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் கேட்பது அவருடைய குரல். முதலில் ரோலைஃப்ளெக்ஸ் வைத்திருந்தவர் பிறகு லைக்காவுக்கு மாறினார். 1938இல் லண்டன் கமரா கிளப்பில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தபோது அதற்குப் பின்னால் நின்றது லைக்காவைச் செய்த லைட்ஸ் கம்பனி. ஒரு தீவுக் கலைஞனுக்கு லண்டன் சுவரைத் திறந்து கொடுத்ததில் அவனுடைய கமராவின் பெயருக்கும் பங்கு இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வென்ட்டின் படங்களைப் பார்க்கும் யாராவது எந்த லென்ஸில் எடுத்தது என்று கேட்கிறார்களா? அவர் இறந்த பிறகு நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை அச்சிட்ட படங்கள்தான். ஒளியைத் தலைகீழாக்கியும், இரண்டு படத்தை ஒன்றாக்கியும், கடதாசி நெகற்றிவில் அச்சிட்டும் அவர் செய்த வேலையில் பாதி இருட்டறையில் நடந்தது. கண்ணும் கையும்தான் படம் எடுக்கின்றன, கம்பனி எடுப்பதில்லை. இதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் வென்ட் படத்தை விற்றுப் பிழைத்தவர் அல்லர். ஒரு கமரா பிடிக்காவிட்டால் இன்னொன்றை வாங்க அவரால் முடிந்தது. ஒரு காட்சி தவறினால் அடுத்த நாளும் அதே கடற்கரைக்குப் போகலாம். தாலி கட்டும் கணத்தைத் தவறவிட்ட படப்பிடிப்பாளருக்கு அடுத்த நாள் கிடையாது. கொழும்பின் கமராச் சரித்திரத்தைக் கலைஞர்களை மட்டும் வைத்து எழுதினால் கருவி ஒரு பொருட்டாகவே தெரியாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் போன ஸ்டூடியோக்காரரை வைத்து எழுதினால் அதுதான் முதல் கவலையாகத் தெரியும்.

அந்தக் கவலைக்கு அரசாங்கமும் தன் பங்கைச் செய்தது. 1960களில் அந்நியச் செலாவணி வறண்டபோது இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1968இல் அவசியமற்றவை என்று கருதப்பட்ட இறக்குமதிகளுக்குத் தனி மாற்றுவீதம் வந்தது. அத்தகைய பொருளைத் தருவிப்பவர் வழக்கமான விலைக்கு மேல் செலாவணிச் சான்றிதழுக்கும் பணம் கட்டவேண்டும். 1970களில் அந்த மேலதிகம் 65 வீதம் வரை போனது. அரிசிக்கும் மாவுக்கும் வரிசை நின்ற நாட்டில் கமராவுக்கு அனுதாபம் கிடைக்குமா? இத்தகைய காலத்தில் யார் புத்திசாலி? உலகில் மிகக் கூர்மையான லென்ஸை வைத்திருந்தவர் அல்லர். தன்னுடைய லென்ஸ் அடுத்தவர் கமராவுக்கும் பொருந்தும்படி பார்த்துக்கொண்டவர். அன்று அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று 42 மில்லிமீற்றர் திருகு மவுண்ட், அதாவது லென்ஸைக் கமராவில் மாட்டும் வளையம். கிழக்கு ஜேர்மனியின் பிரக்டிக்கா, சோவியத்தின் ஸெனிற், ஜப்பானின் பென்டாக்ஸ் ஸ்பொட்மற்றிக் மூன்றும் அதைப் பயன்படுத்தின. பனிப்போரின் இரு பக்கமும் ஒரே திருகில் பொருந்திய வேடிக்கை அது. மற்றது நிக்கொன். 1959இல் நிக்கொன் எஃப் கமராவோடு வந்த மவுண்டை அந்தக் கம்பனி 2020இல் வந்த டி6 வரைக்கும் கைவிடவில்லை.

நிக்கொனின் இந்த விசுவாசத்தை அளவுக்கு மீறிப் புகழ்பவர்களும் உண்டு. அது முழு உண்மையல்ல. 1977இல் லென்ஸின் துவார அளவைக் கமராவுக்கு அறிவிக்கும் முறையை நிக்கொன் மாற்றியது. பழைய லென்ஸின் வளையத்தில் ஒரு பகுதியை அராவிவிட்டால்தான் புதிய கமராவுக்குச் சேதமில்லாமல் பொருந்தும். 2006இல் வந்த மலிவான டி40இல் குவியப்படுத்தும் மோட்டரே கிடையாது. அதனால் பழைய ஓட்டோஃபோக்கஸ் லென்ஸ்களைக் கையால்தான் திருப்பவேண்டும். மவுண்ட் ஒன்றுதான், ஆனால் அதன் வழியாகப் பேசும் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. இருந்தும் கவனியுங்கள்: முதல் மாற்றத்தை அரமும் பொறுமையும் உள்ள ஒரு திருத்துநர் கொழும்பிலேயே செய்துவிடலாம். வெட்ஸ்லாருக்கோ டோக்கியோவுக்கோ அனுப்பவேண்டியதில்லை. ஒரு தீவுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

1977 நவம்பரில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மாற்றுவீதம் ஒன்றாக்கப்பட்டு டொலருக்கு 16 ரூபா என்று தொடங்கியது. ஜப்பானியக் கமராக்களுக்குக் கதவு திறந்தது. பத்து வருடத்துக்குள் அடுத்த சோதனையும் வந்தது. 1985இல் மினோல்டா ஓட்டோஃபோக்கஸ் கமராவைக் கொண்டுவந்தது. 1987இல் கெனன் தன்னுடைய பழைய எஃப்டி மவுண்டை ஒரேயடியாகக் கைவிட்டு, முழுக்க மின்சாரத் தொடர்பில் இயங்கும் இஎஃப் மவுண்டுக்குப் போனது. பழைய லென்ஸ் புதிய கமராவில் ஏறாது. தொழில்நுட்பக் கணக்கில் கெனன் எடுத்த முடிவே சரி என்று வாதிடலாம், நானும் ஒப்புக்கொள்வேன். அடுத்த இருபது வருடம் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் நின்ற கெனனின் வெள்ளை லென்ஸ்களே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சரியான முடிவின் விலையைக் கட்டியவர், கடன்பட்டு மூன்று எஃப்டி லென்ஸ் சேர்த்து வைத்திருந்த பாவனையாளர்தான். மினோல்டாவை நம்பியவர்களின் கதை இன்னும் நீளமானது. 2006இல் கொனிக்கா மினோல்டா கமராத் தொழிலை விட்டுச் சோனியிடம் கொடுத்தது. 2021இல் சோனியும் அந்த மவுண்டுக்குரிய கமராக்களை நிறுத்திவிட்டது. முதலில் ஓடியவரின் பின்னால் போனவர்களுக்குக் கிடைத்தது இது. கொழும்பு ஸ்டூடியோக்காரர் புதிதாக வந்ததை உடனே வாங்கமாட்டார், பழமைவாதி என்று கேலி செய்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

லென்ஸைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, உண்மையான கட்டு பிளாஷில் விழுந்தது. கமராவின் தலையில் பிளாஷ் சொருகும் காலணியின் அளவும் நடுப்புள்ளியும் ஏறக்குறைய எல்லாக் கம்பனிக்கும் பொது. அந்த நடுப்புள்ளி 'இப்போது அடி' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லும். எவ்வளவு அடிக்கவேண்டும் என்பதைச் சொல்லும் மற்றப் புள்ளிகளைக் கம்பனிகள் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டன. கெனனில் சுற்றிவர நான்கு, நிக்கொனில் மூன்று. மினோல்டா 1988இல் காலணியின் வடிவத்தையே மாற்றிவிட்டது. கையில் இருக்கிறதே என்று ஒரு பழைய விவிற்றார் 283ஐச் சொருகினாலும் ஆபத்து உண்டு. அதன் ஆரம்பகாலப் பிரதிகள் சிலவற்றில் அந்த நடுப்புள்ளியில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இலத்திரனியல் கமராவின் சுற்றை அது எரித்துவிடக்கூடும்.

கலியாண மண்டபத்தில் இதன் அர்த்தம் என்ன? மணவறை அலங்காரத்துக்கு முன்னால் ஒரே பிளாஷை நேராக அடித்தால் மணமக்கள் முகம் வெளிறி, பின்னால் எல்லாம் இருண்டுவிடும். பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் வேண்டும். ஹோமப் புகைக்கும் பிள்ளைகளின் ஓட்டத்துக்கும் நடுவே வயர் இழுக்க முடியாது. வெளிச்சத்தைக் கண்டு தானும் அடிக்கும் மலிவான துணைப் பிளாஷ் ஒன்று இருந்தது. ஆனால் மாமா தன் சின்னக் கமராவில் ஒரு படம் எடுத்தாலும் அது அடித்துவிடும். ஸ்டூடியோக்காரர் எடுக்கும் நேரத்தில் அது மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கும். கம்பிகளில்லாத பிளாஷ் முறையை 1990களின் தொடக்கத்தில் மினோல்டாவும், 1998இல் 550இஎக்ஸோடு கெனனும், 2003இல் நிக்கொனும் கொண்டுவந்தபோது தீர்ந்தது இந்தத் தொல்லைதான். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிறு மினுக்கங்களைச் சங்கேதமாக அனுப்பி, தன் கட்டளைக்கு மட்டும் பணியும் பிளாஷ்களை அவை உருவாக்கின. நிக்கொனில் நான்கு சனல், மூன்று குழு. ஒரே மண்டபத்தில் இரண்டு படப்பிடிப்பாளர் இருந்தாலும் ஒருவர் வெளிச்சம் மற்றவரைக் குழப்பாது. சுவர்களுக்குள் அது நன்றாக வேலை செய்யும். திறந்த முற்றத்து வெயிலிலும் தூணுக்குப் பின்னாலும் தடுமாறும். 2012இல் கெனன் வானொலி அலைக்கு மாறியதும் அந்தக் குறையும் போயிற்று. ஆனால் ஒவ்வொரு கம்பனியின் சங்கேதமும் வேறு. லென்ஸுக்காவது வளையம் செய்து மாட்டலாம். சங்கேதத்தை அரத்தால் அராவ முடியாது. அதற்கும் மேலே, ஒரே கம்பனிக்குள்ளும் வகுப்புப் பேதம் இருந்தது. நிக்கொன் டி70இன் உள்பிளாஷ் மற்றப் பிளாஷ்களுக்குக் கட்டளையிடும், டி40இனுடையது இடாது. மலிவான கமராவை வாங்கியவர் கட்டளையிட இன்னொரு பிளாஷை வாங்கவேண்டும்.

இன்று இந்தக் கட்டெல்லாம் அவிழ்ந்துவிட்டதே என்பது இரண்டாவது ஆட்சேபம். கோடொக்ஸ் போன்ற சீன பிளாஷ்களில் கமராவின் தலையில் சொருகும் சிறு கருவி மட்டுமே கம்பனிக்குக் கம்பனி மாறும். தூரத்தில் நிற்கும் பிளாஷ் எல்லோருக்கும் பணியும். 2018இல் நிக்கொனும் கெனனும் கண்ணாடியில்லாக் கமராவுக்காகப் புதிய மவுண்டுகளைக் கொண்டுவந்தபோது பழைய லென்ஸுக்கு இணைப்பு வளையமும் சேர்த்தே வந்தது. இது உண்மை, நல்லதும்கூட. ஆனால் கட்டு அவிழ்ந்ததா, கைமாறியதா? ஐந்து பிளாஷை கோடொக்ஸில் வாங்கியவர் ஜப்பானியக் கம்பனியிடமிருந்து விடுபட்டு ஒரு சீனக் கம்பனியோடு சேர்ந்திருக்கிறார். அதன் சங்கேதமும் தனியானதுதான். தீவின் கணக்கும் மாறவில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சில மாதம் முன்பு 200 ரூபாவாக இருந்த டொலர் 360 வரை ஏறியது. மவுண்ட் மாற நினைத்திருந்தவர்கள் அந்த வருடம் மாறியிருக்கமாட்டார்கள். 1970களின் கேள்விகளே திரும்பி வந்தன: இது பழுதானால் யார் திருத்துவார்? இதை யாரிடம் இரவல் வாங்கலாம்?

ஆகவே இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். கமராவின் மெகாபிக்ஸலை ஒப்பிடுவதைக் கடைசிக்கு வையுங்கள். உங்களோடு மண்டபத்துக்கு வரப்போகும் இரண்டாவது படப்பிடிப்பாளர் எந்தப் பிளாஷ் முறையில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அடுத்து, கொழும்பில் எந்தக் கம்பனியின் லென்ஸைத் திறந்து திருத்த ஆள் இருக்கிறது என்று விசாரியுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கடைக்குப் போங்கள்.