இரைச்சலும் இலேசான காப்பும்: தொழிலாளர் செவி பற்றிய வரலாற்றுக் குறிப்பு

தொழினுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் நிரலாக மட்டுமே காண்போர், தீங்கொன்று அறியப்பட்டதும் அதற்கான பரிகாரம் தானாகவே தோன்றிவிடுமென எண்ணுகின்றனர். இயந்திர இரைச்சலை அடக்கும் பொருள்களின் வரலாறு இவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது.

தீங்கு நெடுநாள் அறியப்பட்டதே. வெனிஸ் நகரிற் செம்பை அடித்துப் பாத்திரம் வனைந்த கன்னார் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ரமாசினி தமது நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் விவரித்தார். ஆலை இரைச்சல் தொழிலாளியின் புலன்களைச் சிதைப்பதை மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் சுட்டினார். 1886இல் கிளாஸ்கோ மருத்துவர் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைப் பரிசோதித்தார். அவர்களுள் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இருக்கவில்லை.

ஆயின், ஒலியை உறிஞ்சும் பொருள்கள் பற்றிய நவீன அறிவியல் கொதிகலன் பட்டறையிற் பிறக்கவில்லை. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றின் எதிரொலியைக் குறைக்கும் பணியை ஏற்ற வாலஸ் சபின், இருக்கை மெத்தைகளைக் கொண்டு நடத்திய அளவீடுகளிலேயே அது தொடங்கிற்று. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பொனி மண்டபம் அதன் பெரும்பயன். இசை கேட்போரின் செவிக்கு வாய்த்த அறிவு, உழைப்போரின் செவியை எட்ட நெடுங்காலமாயிற்று.

இத்தாமதத்திற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. தடுப்பின் திணிவை இரட்டித்தாலும் அதனூடு செல்லும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் மட்டுமே குறையும். இயந்திரத்தை மூடும் உறையோ அடிக்கடி திறக்கப்படவும் வெப்பத்தை வெளியேற்றவும் வேண்டும். எனவே இலேசான பொருள் தேவையாயிற்று. இரு மென்தகடுகளுக்கு இடையே வெளிவிட்டு, அதில் நார்ப்பொருளை நிரப்புவது ஒரு வழி. நாரிடையே அசையும் காற்றின் உராய்வு ஒலியை வெப்பமாக்கும். கட்டடங்களில் வெப்பத்தையும் ஒலியையும் தடுக்கத் தெளிக்கப்பட்ட கல்நாரோ, தெளித்த தொழிலாளரின் நுரையீரலையே அழித்தது. ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய துளைகள் கொண்ட தகடு, நாரின்றியே ஒலியை உறிஞ்சும் என்னும் கோட்பாட்டைச் சீன அறிஞர் மா தா யூ 1975இல் வெளியிட்டார்.

எனினும், பௌதிகம் மட்டுமே தடையாக இருந்ததில்லை. பிரித்தானியாவில் 1972இல் வெளியான நடைமுறைக் கோவை, எட்டு மணிநேர வேலைக்கு 90 டெசிபெல் என்னும் எல்லையைக் குறித்தபோதும், அது வழிகாட்டலாகவே நின்றது. தொழிலிட இரைச்சல் பற்றிய பொதுச் சட்டவிதிகள் 1989இலேயே இயற்றப்பட்டன. பாரின் ஆய்வுக்கும் அவற்றுக்கும் இடைப்பட்டவை 103 ஆண்டுகள். இயந்திரத்துக்கு உறையிடும் செலவு முதலாளிக்குரியது. செவிட்டுத்தன்மையின் செலவைத் தொழிலாளியே நெடுங்காலம் சுமந்தான். இக்கணக்கை மாற்றாதவரை, எத்துணை இலேசான பொருளும் ஆய்வுகூடத்தை விட்டு ஆலைக்குள் எளிதிற் புகுவதில்லை.